கட்டிலும் பாயும்



மானாம்பதிப் பக்கம் ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருப்பதால் மழைக்காலத்தில் பாம்புக்கடி புதிதல்ல. "விஷம் ஏழை, பணக்காரன் என்று பார்க்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கும் என்றே நாங்கள் சொல்லவேண்டியிருக்கிறது.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் நடமாடும் இந்தப் பாம்பு, பெரும்பாலும் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரையே கடிக்கிறது. வலியும் வீக்கமும் அதிகம் இராது. எறும்பு என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியும்போது வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமையைத் தூக்க முடியாது, பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். நரம்பு பாதிக்கப்பட்ட பிறகு விஷமுறிவு மருந்து அதைச் சரிசெய்வதில்லை. செயற்கைச் சுவாசம் வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். வாசலில் கார் நிற்கும் வீட்டாருக்கு உத்திரமேரூரோ காஞ்சிபுரமோ தூரமல்ல. அவர்கள் படுப்பதும் கட்டிலில்தான்!

கூலிக்குப் போகிறவர் முதலில் மந்திரிப்பவரிடம் ஓடுகிறார். அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மந்திரிப்பவர் தெருக்கோடியில் இருக்கிறார், நடுராத்திரியிலும் கதவைத் திறக்கிறார், வண்டிச் சத்தம் கேட்பதில்லை.

2005ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2011இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நூற்றுக்கு 97 பேர் கிராமத்தார். முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை. வீட்டிலோ வழியிலோ இறந்தார்கள்.

இதில் எங்களை உறுத்தும் ஒன்று உண்டு. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மருந்துக்கு மூலப்பொருள் தரும் அந்தச் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இன்றும் வயலோரக் குடிசையில், தரையில் படுக்கின்றன.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. எங்கே, எத்தனை பேர் என்ற கணக்கு இனியாவது தெரியவரும்.

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கீறவோ, இறுக்கிக் கட்டவோ, வாய்வைத்து உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றிவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.

மருந்துக்குப் பணம் அனுப்பலாமா என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்து இலவசம். கொசுவலையும் ஒரு டார்ச் லைட்டும் அனுப்புங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வருவது கடினம்.