சரக்கோடு போய்ப் படியுங்கள்

லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மை படித்துக்கொண்டே திருச்சி ரோட்டுக் குடோன்களிலும் லாரி ஆபீஸ்களிலும் அப்ரண்டிஸாகச் சேரும் பிள்ளைகளைக் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். தொழில்பழகுதலைப் பட்டப்படிப்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் தொழில்பழகுதல் சேர்ந்த பி.பி.ஏ. படிப்பைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. நான் புக்கிங் கவுன்டரில் எல்.ஆர். என்ற லாரி ரசீது எழுத ஆரம்பித்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். படித்த பிள்ளைகள் இந்தத் தொழிலை விரும்பித் தேடி வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த உரிமையில் சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா.

1. முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1961-ம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் உங்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை, பயிற்சி பெறுபவர் என்று சொல்கிறது. அதனால் சில சலுகைகள் கிடைக்காது. ஆனால் சில பாதுகாப்புகள் உண்டு. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. அரசின் தொழில்பழகுநர் ஆலோசகர் அனுமதி இல்லாமல் உங்களிடம் ஓவர்டைம் வேலை வாங்கக்கூடாது. 2019-ல் விதிகளைத் திருத்தியபோது பட்டப்படிப்பு நிலை அப்ரண்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று வைத்தார்கள். சேரும் நாளில் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். சின்ன லாரி ஆபீஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டால் எடுக்கலாம். எங்கே சேர்ந்தாலும் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத இடத்தில் நீங்கள் குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் கிளார்க், அவ்வளவுதான்.

2. முதல் மாதம் ஏ.சி. அறைக்குள் உட்காராதீர்கள். ஒரே ஒரு பார்சலைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே போங்கள். கணபதியில் ஒரு பட்டறையிலிருந்து மதுரைக்குப் போகும் பம்ப் மோட்டார் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். டெம்போவில் வருகிறது, எடை போடுகிறார்கள், எல்.ஆர். போடுகிறார்கள், பெட்டியில் ஊர் பெயரும் எண்ணும் எழுதுகிறார்கள், ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிறார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள். கடைசியில் இறங்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும்; கனமான பெட்டிக்கு மேலேதான் லேசானது. மதுரையில் இறக்கி, மறுபடி பிரித்து, மறுபடி சின்ன வண்டியில் ஏற்றி, கடைக்காரர் கையெழுத்து வாங்கி, அந்த பி.ஓ.டி. (ஒப்படைத்ததற்கான சான்று) திரும்பி வந்த பிறகுதான் பில் பணம் வரும். எத்தனை கை பட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் சும்மா கிடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். கிடந்த நேரம்தான் அதிகம் என்று தெரியவரும். மேலாண்மைக்கு வேலை இருப்பது அங்கேதான்.

3. சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லைக் கைப்பழக்கமாக்குங்கள். சரக்கின் விவரமும் விலையும் பகுதி ஏ, வண்டி எண் பகுதி பி. கோயமுத்தூரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர். 2021 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் கணக்கு என்பதால் பில் மூன்று நாள் செல்லும். சங்ககிரிப் பக்கம் ஆக்சில் உடைந்து வண்டி நின்றுவிட்டது, சரக்கை வேறு லாரிக்கு மாற்றுகிறீர்கள் என்றால், புது வண்டி எண்ணைப் பகுதி பி-யில் ஏற்றாமல் நகரவே கூடாது. காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்னாலிருந்து முடிந்து 8 மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். இதில் தூங்கிவிட்டால், வரி உள்ள சரக்கை விடுவிக்க உரிமையாளர் கட்ட வேண்டிய அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. ராத்திரி பதினொரு மணிக்கு ஓட்டுநர் போன் செய்தால் எடுக்கிறவர்தான் நல்ல அலுவலர்.

4. ஜி.டி. நாயுடுவைப் பற்றித் தேடிப் படியுங்கள். சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். விஞ்ஞானி என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் வளர்ந்தது போக்குவரத்துத் தொழிலில். 1920-ல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே, ஓட்டியவரும் அவரே. பிற்பாடு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக அது வளர்ந்தது. ஒரு வண்டியில் கற்றதை வைத்துத்தான் அத்தனை வண்டிகளையும் கட்டி ஆண்டார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரியில் இன்று லாரி முதலாளியாக இருப்பவர்களிலும் பலர் கிளீனராக ஏறி, டிரைவராகி, கூட்டுச் சேர்ந்து முதல் வண்டி வாங்கியவர்கள்தான். நம் பக்கத்தில் மேலாண்மைப் பயிற்சி நடந்த விதம் இது. உங்களுக்கு அதோடு பாடப்புத்தகமும் கிடைத்திருக்கிறது, இரண்டையும் பயன்படுத்துங்கள்.

5. பாடத்தை யார்டுக்குக் கொண்டுவாருங்கள். தொழில்பழகுநர் சட்டம் வந்த அதே 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஒரு விதியை நிரூபித்தார். மணிக்கு எத்தனை வண்டி வருகிறதோ, அதை ஒரு வண்டி தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால், எந்நேரமும் சராசரியாக எத்தனை வண்டி நிற்கும் என்று தெரிந்துவிடும். மணிக்கு 6 லாரி வந்து ஒவ்வொன்றும் 2 மணி நேரம் தங்கினால் 12 லாரிக்கு இடம் வேண்டும். உங்கள் யார்டில் 8-க்குத்தான் இடம் என்றால் மீதி 4 ரோட்டில் நிற்கும், போலீஸ்காரர் வந்து சத்தம் போடுவார். பெரிய யார்டு வாடகைக்குப் பிடிப்பதற்கு முன்னால், தங்கும் நேரத்தை 80 நிமிடமாகக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். எடைமேடையில் எத்தனை நிமிடம், பில்லுக்கு எத்தனை நிமிடம், லோடுமேன் வரக் காத்திருப்பது எத்தனை நிமிடம் என்று பிரித்துக் குறித்தால் வழி தெரியும். இந்த ஒரு கணக்கை ஒழுங்காகப் போட்டுக் காட்டினால் எந்த முதலாளியும் காது கொடுத்துக் கேட்பார்.

6. எம்ப்டி வண்டியைக் கண்டால் உங்களுக்கு வலிக்க வேண்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி தூத்துக்குடி போக 350 கிலோமீட்டர் என்றால் 88 லிட்டர் டீசல் ஆகும். ரிட்டன் லோடு இல்லாமல் வந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி மறுபடி வீண். இன்னொன்றும் யோசியுங்கள். நமக்குக் கொச்சி பக்கம், தூத்துக்குடி ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். அப்படியிருந்தும் கொங்குச் சரக்கில் பெரும் பங்கு ஏன் தூத்துக்குடிக்குப் போகிறது? கப்பல் எப்போது கிடைக்கும், துறைமுகக் கட்டணம் எவ்வளவு, திரும்பும்போது உப்போ இறக்குமதிப் பஞ்சோ கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒரு கன்டெய்னர் டெப்போவுக்கு அனுமதி வாங்கி ஒரு நாள் போய்க் கேளுங்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு நம் ஊரில் கிடைக்காது.

7. ஒரே மேசையில் உங்களைக் கட்டிப்போட விடாதீர்கள். டேட்டா என்ட்ரியில் வேகம் காட்டினால் வருஷம் பூராவும் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். புக்கிங், குடோன், வண்டி ஏற்பாடு, கணக்கு, வசூல், இழப்பீட்டுக் கோரிக்கை எல்லாவற்றிலும் இடம் மாற்றித் தரும்படி மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். பெண் பிள்ளைகள் குடோன் வேலை வேண்டாம் என்று ஒதுங்க வேண்டாம். சுத்தமான கழிவறையும், இரவு ஷிப்ட் என்றால் வீடுவரை வண்டியும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

8. படிப்புக்குத் தினம் ஒரு மணி நேரம், வேலைக்குப் போகும் முன்னால். வேலை முடிந்து வந்து படிக்கலாம் என்றால் நடக்காது.

9. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயம் கிடையாது. அதனால் வேலை தேடக் கடைசி மாதம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். சான்றிதழ், ஒப்பந்த நகல், பார்த்த வேலைகளின் பட்டியல் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஓட்டுநரை 'அண்ணா' என்று கூப்பிடுங்கள், லோடுமேனிடம் 'ங்க' போட்டுப் பேசுங்கள். ஒரு பஞ்சு பேல் 170 கிலோ. அதை எப்படிப் புரட்டி, எப்படிச் சாய்த்து ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்தக் கடைக்காரர் சரக்கை இறக்காமல் அரை நாள் நிற்க வைப்பார், எந்த ரோட்டில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரியவரும். வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் வாடகையை இழுத்தடிக்காமல் கொடுங்கள். நாளைக்கு நீங்கள் மேலாளராகி ஒரு கிளைக்குப் பொறுப்பு ஏற்றதும், முதல் வேலையாக ராத்திரியெல்லாம் ஓட்டி வருகிறவருக்குக் குளிக்க ஒரு குழாயும், படுக்க ஓர் அறையும், லோடுமேன்கள் உட்கார நிழலும் ஏற்பாடு செய்யுங்கள். நான் இருந்த காலத்தில் பல ஆபீஸ்களில் இது இல்லை, இன்றும் பல இடங்களில் இல்லை. உங்கள் தலைமுறை இதைச் செய்துகொடுக்க வேண்டும்.