பேக்கிங் வழியே அழுத்தப் பாடம்



ஓசூர் சிப்காட் பகுதியை ஒட்டிய அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களின் பெற்றோர் பலர் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கிறார்கள். சிலர் எல்லை கடந்து அத்திப்பள்ளிக்குப் போய் வருகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் ‘பேக்கிங்’ என்ற சொல் தெரியும். இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்தான் அது. விசையும் அழுத்தமும் பற்றிய பாடத்தை இதைக் கொண்டே நடத்துகிறேன்.

தொடக்கம்: குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தைக் காட்டுங்கள். உள்ளே நீராவி சுமார் 120 டிகிரி செல்சியஸை எட்டும்போதும் அது கசிவைத் தடுக்கிறது. “இதையே இஞ்சின் ஹெட்டில் வைக்கலாமா?” என்று கேளுங்கள். அங்கே அழுத்தமும் வெப்பமும் பல மடங்கு அதிகம். ரப்பர் கருகிவிடும். ஆகவே உலோகத் தகடு சேர்ந்த கேஸ்கட் வேண்டும். அழுத்தம் குறைந்த எண்ணெய் மூடிக்குக் காகிதப் பேக்கிங் போதும். எதை அடைக்கிறோம், எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்ற மூன்று கேள்விகளே தேர்வுக்கு அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு: நம் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் பைக் இஞ்சின்களில் பல காற்றால் குளிர்பவை. மீனவர் படகின் வெளிப்பொருத்தும் இயந்திரத்தையோ கடல்நீரே குளிர்விக்கிறது. அங்கே ஹெட் கேஸ்கட்டுக்கு இரட்டை வேலை: எரிவாயுவை வெளியே விடக் கூடாது, உப்புநீரை உள்ளே விடக் கூடாது. கசிந்தால் சிலிண்டர் துருப்பிடிக்கும். கரை தெரியாத தூரத்தில் இயந்திரம் நின்றால் படகிலிருப்போர் உயிருக்கே ஆபத்து.

பசை அதிகம் பூசினால் கசியாது என்று மாணவர்கள் எண்ணுவார்கள். மிகுந்த பசை பிதுங்கி நீர்ப்பாதையை அடைத்தால் இயந்திரம் சூடேறும். சிலிகான் பசையைப் பெட்ரோல் கெடுத்துவிடும் என்பதால் கார்புரேட்டருக்கு அது ஆகாது. தயாரிப்பாளரின் கையேடு சொன்னால் மட்டுமே பசை.

செயல்பாடு 1: பழைய கிளட்ச் மூடியைத் துடைத்து, அதன் விளிம்பின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொல்லுங்கள். பதியும் வடிவத்தை வெட்டினால் பேக்கிங் மாதிரி தயார். போல்ட் துளைகளின் இடைவெளியை அளப்பது கணக்குப் பாடமாகவும் அமையும்.

செயல்பாடு 2: இரண்டு பலகைகளுக்கு நடுவே களிமண் தட்டை வைத்து, நான்கு மூலைகளிலும் போல்ட் மாட்டுங்கள். ஒரு குழு ஒரு மூலையை முழுதாக இறுக்கிய பின் அடுத்ததற்குப் போகட்டும். மற்றொரு குழு எதிரெதிர் மூலைகளைச் சிறிது சிறிதாக இறுக்கட்டும். நான்கு மூலைகளிலும் களிமண்ணின் தடிமனை அளந்தால் வேறுபாடு விளங்கும்.

செயல்பாடு 3: ரப்பர் வாஷரைக் கிடுக்கியில் அழுத்திப் பனிக்கட்டி நீரில் வைத்து, பின் விடுவியுங்கள். அது பழைய வடிவுக்குத் திரும்பும் வேகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். 28.1.1986 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து 7 பேர் இறந்தனர். குளிரில் விறைத்த ரப்பர் வளையம் இணைப்பை அடைக்காததே காரணம் என்பதை விளக்க, இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன் விசாரணையில் செய்துகாட்டிய சோதனை இதுவே.

எச்சரிக்கை: பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வகுப்பில் அவற்றைச் சுரண்டவே வேண்டாம்.

மதிப்பீடு: “புதிய கேஸ்கட் போட்டும் கசிகிறது. காரணங்கள் யாவை?” மேற்பரப்பில் கீறல், தவறான பொருள், சீரற்ற இறுக்கம் ஆகியவற்றை மாணவர் தாமே சொன்னால் பாடம் சென்று சேர்ந்துவிட்டது. இம்மாணவர்களில் பலர் நாளை இஞ்சினைக் கையாளப் போகிறவர்கள். ‘ஏன்’ என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுக்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே தொடங்கிவைப்போம்.