ஜெபம் வராத நாட்கள்

கேள்வி: 2018 கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. கடன் வாங்கி மறுபடி வைத்த கன்றுகளைக் காண்டாமிருக வண்டு குடைகிறது. “ஆண்டவர் சோதிக்கிறார்” என்கிறார்கள். எனக்கு ஜெபமே வரவில்லை. விசுவாசம் போய்விட்டதா?
— ஒரு வாசகி, ஆலங்குடி வட்டம்

பதில்: போகவில்லை அம்மா. போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்! வாய் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும்தான் கெட்டது. அவர்கள் பேசியது சரியில்லை என்று கடைசியில் கடவுளே கடிந்துகொள்கிறார். முறையிட்ட யோபுவை அல்ல. சோதனை என்று உங்களிடம் சொல்பவர்களுக்கு யோபு நூலின் அந்தக் கடைசி அதிகாரத்தைப் படித்துக் காட்டலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஜெபத்துக்கு வார்த்தை வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் மாவட்டத்து ஆவூரோடு தொடர்புடையவர் வீரமாமுனிவர். தேம்பாவணி என்ற தன் காவியத்துக்கு அவர் தேர்ந்த நாயகர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர், ஒரு தச்சர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தார், போனார், செய்தார், அவ்வளவுதான். வார்த்தை வராத நாளில் கன்றுக்குத் தண்ணீர் விடுவதை ஜெபமாக எண்ணிக்கொள்வதில் பிழையில்லை என்பேன்.

வண்டு விஷயம் தனி. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுங்கள். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். வண்டு அங்கே பெருகும்.