சங்க அலுவலகத்தில் நாற்காலியும் மேசையும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செம்மை அதன் கணக்கில் விளங்கும். நூல் வழங்கிய பதிவேடு, கூலிப் பட்டியல், பயிர்க்கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் கையாலேயே எழுதப்படுகின்றன. அவர்கள் நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்து பணியாற்றுகிறார்கள். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. பேரேட்டுடன் கணினித் திரையும் எழுத்தரின் மேசைக்கு வந்தது. கணினிக்கு இடம் தேடிய நாம், அதன் முன் அமர்பவரின் முதுகைப் பற்றி எண்ணினோமா என்பதே இம்மாதப் பாடத்தின் பொருள்.

"நல்ல நாற்காலி ஆடம்பரம், அங்கத்தினர் பணத்தை அதில் செலவிடலாகாது" என்று நிர்வாகக் குழு உறுப்பினர் சிலர் கருதுவதுண்டு. சிக்கன உணர்வு போற்றத்தக்கதே. ஆயினும் எழுத்தர் இடுப்பு வலியால் பத்து நாள் வாராதிருந்தால், கூலி நாளில் நெசவாளர் காத்து நிற்க நேரிடும். கடன் மனுக்கள் தேங்கும். அவசரத்தில் எழுதிய கணக்கில் பிழை நுழையும். அந்த நஷ்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

தறி கற்பிக்கும் பாடம்

இவ்விஷயத்தில் நம் நெசவாளர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது சொற்பமே. குழித்தறியில் அமரும் நெசவாளர், தம் கால் மிதிப்பலகையில் நன்றாகப் பதியுமாறும், நெய்த துணி சுற்றும் படமரம் தம் வயிற்றுக்கு நேரே அமையுமாறும், உட்காரும் பலகையை ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்கிறார். பலகை தாழ்ந்தால் தோள் தூக்கும். உயர்ந்தால் முதுகு வளையும். தந்தை அமர்ந்த பலகை மகனுக்கு ஒவ்வாவிடில் தயங்காமல் மாற்றுகிறார்கள். அவ்வாறே உழவரும் தம் உயரத்திற்கேற்ற பிடியையே மண்வெட்டிக்குப் போட்டுக்கொள்கிறார். அலுவலகத்தில் மட்டும் மனிதர் நாற்காலிக்குத் தக்கபடி வளைய வேண்டும் என்பது என்ன நியாயம்?

டி. கல்லுப்பட்டியில் இதை நினைவூட்டுவது பொருத்தமுடையது. 1940-இல் கோ. வேங்கடாசலபதி அவர்கள் இங்கு நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவர் 1960-இல் காலமானார். ஒரு தொழிலை அது ஈட்டும் லாபத்தைக் கொண்டு மட்டும் அளவிடாமல், உழைப்பவரை அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டும் அளவிட வேண்டும் என்பது அவர் நூல்களின் சாரம். எழுத்து வேலையும் உழைப்பே.

முதுகு ஏன் வலிக்கிறது?

முதுகெலும்பின் கணுக்களுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் இத்தட்டுகளினுள் ஏற்படும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். முன்குனிந்து அமர்ந்திருக்கையில் அவ்வழுத்தம் நிற்கும்போது உள்ளதைவிட மிகுதியாதலையும், முதுகைச் சாய்மானத்தில் தாங்கவிட்டால் அது குறைதலையும் அவ்வாராய்ச்சிகள் காட்டின. ஆகவே, முதுகைத் தாங்காத நாற்காலியும் குனிய வைக்கும் மேசையும் சேர்ந்தால் வலிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அளந்து அமைக்கும் முறை

தையல் நாடா ஒன்று போதும். அலுவலகத்தினுள் செருப்பின்றி அமர்வது நம் வழக்கமாகையால் வெறுங்காலுடனேயே அளக்க வேண்டும்.

1. பாதம் தரையில் முழுதும் படிய அமர்ந்து, தரையிலிருந்து முழங்காலின் உட்குழி வரை அளக்க. இதுவே இருக்கையின் உயரம். அதைவிட உயர்ந்த இருக்கையில் அமர்ந்தால் விளிம்பு தொடையை அழுத்திக் காலை மரக்கச் செய்யும்.

2. தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, இருக்கையிலிருந்து முழங்கை வரை அளக்க. மேசையின் மேற்பரப்பு முழங்கையின் மட்டத்திலோ, எழுதும் வேலைக்கு அதனினும் 2 அல்லது 3 செ.மீ. மேலாகவோ இருத்தல் நலம்.

3. பின்னே நன்றாகத் தள்ளி அமர்ந்தபின், இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் உட்குழிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். இடமில்லையேல் அவ்விருக்கை அவருக்கு நீளம் மிகுந்தது. அவர் சாய்மானத்தை எட்டாமல் நுனியிலேயே அமர்ந்திருப்பார்.

4. சாய்மானம் இடுப்பின் மேலுள்ள வளைவைத் தாங்க வேண்டும். செங்குத்தாக நில்லாமல் சற்றே பின்சாய்ந்து, 100 முதல் 110 பாகை வரை இருப்பது நன்று.

5. கணினித் திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், மேல்விளிம்பு கண்மட்டத்தில் அமையட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிவோர்க்குச் சற்றுத் தாழ்த்தி வைக்க. இல்லையேல் தலையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்தர் ஒருவரின் முழங்கால் அளவு 40 செ.மீ.; முழங்கை அளவு 22 செ.மீ. அவருக்குரிய மேசையின் உயரம் 40 + 22 + 3 = 65 செ.மீ. ஆனால் சங்கத்தின் மேசையோ 75 செ.மீ. உயரமுள்ளது, அதை அறுக்க இயலாது. அவ்வாறாயின் இருக்கையை 75 – 3 – 22 = 50 செ.மீ. அளவுக்கு உயர்த்த வேண்டும். இப்போது கால் தொங்கும். 50 – 40 = 10 செ.மீ. உயரமுள்ள கால்மணை ஒன்றைத் தரையில் இட்டால் குறை நீங்கும். மேசையை மாற்ற முடியாதபோது முதலில் முழங்கைக்கு நாற்காலியையும், பின்னர் காலுக்கு மணையையும் பொருத்துக. வரிசை மாறினால் தோள் தூக்கியபடியே எழுத நேரிடும்.

வாங்கும்போது நோக்க வேண்டியவை

இருவர் மாறி மாறி அமரும் இடமானால், உயரத்தை மாற்றும் வசதியுள்ள நாற்காலியையே வாங்குக. சுழலும் நாற்காலிக்கு ஐந்து கிளையுள்ள அடிப்பாகம் வேண்டும். நான்கு கிளையுள்ளது எளிதில் கவிழும். சிமெண்டுத் தரைக்கும் ஓட்டுத் தரைக்கும் ரப்பர் பூசிய சக்கரங்கள் ஏற்றவை. கடினப் பிளாஸ்டிக் சக்கரம் அங்கு வழுக்கி ஓடும். கைப்பிடி மேசையின் கீழ் நுழைய வேண்டும். மேசையில் இடிக்குமாயின் அமர்பவர் எட்டியிருந்து குனிவார்.

மதுரைச் சீமையின் வெயிலுக்கு ரெக்ஸின் உறை உகந்ததன்று, வியர்வை தேங்கும். காற்றுப் புகும் வலைத்துணிச் சாய்மானமோ பிரம்புப் பின்னலோ நன்று. பிரம்பும் ஒயரும் தொய்ந்து தொட்டிலாகிவிட்டால் மறுபடி பின்ன வேண்டும். தொய்ந்த இருக்கை முதுகைக் கூனாக்கும்.

விலையை விசாரிக்குமுன் நாற்காலியில் அமர்ந்து பார்ப்பது அவசியம். அதில் அமரப்போகும் எழுத்தரையே கடைக்கு அழைத்துச் சென்று, கால்மணி நேரம் எழுதச் செய்து பார்ப்பதே சிறந்த சோதனை. அவர் இல்லாமல் தலைவரும் செயலாளரும் தேர்ந்தெடுக்கும் நாற்காலி அவர்கள் உடம்புக்கே பொருந்தும்.

பணமில்லாத சங்கம் என் செய்யும்?

இருக்கும் மர நாற்காலி 45 செ.மீ. உயரமுடையதாயின், மேற்கூறிய எழுத்தருக்கு 5 செ.மீ. தடிப்புள்ள தென்னைநார் மெத்தை ஒன்று போதும். இலவம்பஞ்சு விரைவில் அமுங்கிவிடும். கால்மணையை உள்ளூர்த் தச்சர் செய்து தருவார். நம் தறியில் நெய்த துண்டு ஒன்றை இறுகச் சுருட்டி இடுப்பின் பின்னே வைத்தால் அதுவே சாய்மானத் தாங்கல். பேரேட்டின் மேற்பகுதி உயருமாறு சாய்வுப் பலகை ஒன்றை இட்டால் கழுத்து குனிய வேண்டியதில்லை. பழைய கணக்குப்பிள்ளைகளின் சாய்வு மேசையில் இந்த அறிவு இருந்தது.

எத்துணை உயர்ந்த நாற்காலியாயினும் இடைவிடாது அமர்ந்திருப்பதன் தீமையை முற்றும் போக்காது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பது அவசியம். கால் மரத்துச் சக்தி குறைந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாது போனாலோ, நாற்காலியை ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனை செல்க.

விற்பனையாளரும் நம்மவரே

துணி விற்பனை நிலையத்தில் நாள் முழுதும் நிற்பவரையும் மறத்தல் கூடாது. கேரள ஜவுளிக்கடைப் பெண்கள் அமரும் உரிமைக்காகப் போராடினர். அம்மாநிலம் 2018-இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவர்க்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என விதித்தது. தனியார் கடைக்கு விதித்ததைக் கூட்டுறவுக் கடை முந்திக்கொண்டு செய்திருக்க வேண்டாமா?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் எழுத்தரின் பாதம் தரையிலோ மணையிலோ முழுதும் படிகிறதா?

2. எழுதும்போது அவர் தோள் தூக்கியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா?

3. அவர் முதுகு சாய்மானத்தைத் தொடுகிறதா?

4. விற்பனை நிலையத்தில் பணியாளர் அமர இருக்கை உண்டா?

5. இவற்றைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும். பணமின்றியே ஆவன எவை?

இவ்வினாக்களை எழுத்தரையும் விற்பனையாளரையும் உடன் வைத்துக்கொண்டே விவாதித்துத் தீர்மானம் எழுதுக.