இரண்டு முள்ளும் சேர்ந்து தவறினால்

ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகும் தம்பிக்கு,

பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு வண்டி வந்தால் உடனே டேங்கைக் கழற்றாதே. பக்கத்து முட்கள் என்ன சொல்கின்றன என்று முதலில் பார்.

1970களின் பிரிட்டிஷ் கார் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் மீட்டர், வெப்ப மீட்டர் இரண்டுக்கும் மின்சாரம் தருவது ஒரே சின்ன டப்பி, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதற்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் சராசரியாக 10 வோல்ட்டுக்குச் சமம். டப்பியின் எர்த் துருப்பிடித்தால் தகடு சூடேறாது. பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய்விடும். பெட்ரோல் கூடுதலாகத் தெரியும், எஞ்சினும் கொதிப்பதுபோலத் தெரியும். இது புரியாமல் தெர்மோஸ்டாட்டை மாற்றி, ரேடியேட்டரைக் கழுவிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. துருவைச் சுரண்டி எர்த் திருகை இறுக்கினால் தீர்கிற கோளாறு அது.

பெட்ரோல் முள் மட்டும் தவறினால் டேங்க் மிதவையைச் சந்தேகிக்கலாம். சாவியை அணைத்துவிட்டு மிதவை ஒயரைக் கழற்றி பாடியில் எர்த் செய். பிறகு சாவியைப் போடு. ஸ்பிட்ஃபயரில் முள் ‘ஃபுல்’ பக்கம் மெல்ல ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. பழுது மிதவையிலோ அதன் எர்த்திலோதான். ஏறியதும் சாவியை அணைத்துவிடு, நெடுநேரம் விட்டால் மீட்டர் கெடும். சாவி போட்டபடி டேங்க் அருகே ஒயரை உரசவே கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் கணக்கு தலைகீழ். மிதவையின் மின்தடை காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்ததற்கு 90 ஓம். அங்கே எர்த் செய்தால் முள் கீழே இறங்கும். இது தெரியாதவன் நல்ல மீட்டரைத் தூக்கி எறிவான்.

2003 முதல் 2006 வரை வந்த ஷெவர்லே சில்வராடோவில் முட்களை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களே பல வண்டிகளில் பழுதாகின. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் சரியாக வந்து முள் மட்டும் தவறினால் சென்சாரைத் தொட வேண்டியதில்லை.

வெப்ப முள் கீழே இருக்கிறது என்று நிம்மதி கொள்ளாதே. கூலன்ட் குறைந்து சென்சார் நீருக்கு வெளியே நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் ஏறாமல் இருக்கலாம்.

ஆயில் பிரஷர் முள் விழுந்தால் மட்டும் மீட்டரைக் குறை சொல்லி வண்டியை ஓட்டிப் பார்க்காதே. எஞ்சினை அணை, ஆயில் அளவைப் பார், சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி அள. அளவு சரியாக வந்த பிறகே வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடு.