பையில் முகம் அச்சிடுமுன்

கடையைத் தொடங்கிய வாப்பாவின் புகைப்படத்தைத் துணிப் பைகளில் அச்சிடக் கொடுத்தேன். 500 பைகள் வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருந்திட்டு. உம்மா பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். புகைப்படத்தை அப்படியே கொடுத்த தவறு என்னுடையது.

புகைப்படத்தில் சாம்பல் நிறங்கள் பல உண்டு. ஒரே மையில் ஸ்கிரீன் அச்சிடும்போது மை படும் இடம், படாத இடம் என இரண்டுதான். எது கறுப்பு, எது வெள்ளை என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பின்னணியை நீக்கிப் படத்தைச் சாம்பல் நிறமாக்குங்கள். பின்னர் போட்டோஷொப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலோ 'த்ரெஷோல்ட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதன் அளவு 255 வரை செல்லும். 128 என வைத்தால் அதைவிட இருண்டவை கறுப்பாகும், ஏனையவை வெள்ளையாகும். எண்ணைக் கூட்டினால் கறுப்பும் கூடும். கண்ணுக்குச் சரியான எண் தாடிக்குச் சரிவராது. தனித்தனியே செய்து இணையுங்கள். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 600 புள்ளிகளாவது இருக்கட்டும்.

இரண்டாம் முறை ஒரு பையை மட்டும் அச்சிட்டு உம்மாவிடம் காட்டினேன். "வாப்பாதான் மகன்" என்றார். அதன் பிறகே மீதிப் பைகளை அச்சிடச் சொன்னேன். மாதிரி பாராமல் ஓடர் கொடுக்காதீர்கள்.