கருவின் காலக் கணக்கு

நம் சங்க அங்கத்தினர்கள், கடன் வாங்கிய தேதியையும் தவணைத் தேதியையும் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள். ஆனால் வீட்டில் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டால், மாமியார் ஒரு கணக்கும் மருத்துவர் வேறொரு கணக்கும் கூறக் காண்கிறோம். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவது அவசியமாகும்.

கருத்தரித்த நாள் திட்டமாகத் தெரிவது அரிது. ஆகையால் கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளையே மருத்துவர்கள் கணக்கின் தொடக்கமாகக் கொள்கின்றனர். அன்றிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் கழிந்த நாளே பிரசவத்திற்கு எதிர்பார்க்கப்படும் தேதி. கரு உண்டாவது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே என்றாலும், அந்த இரண்டு வாரமும் கணக்கில் சேரும். 28 நாட்கள் கொண்ட மாதங்களாக எண்ணினால் இது பத்து மாதம். நாட்காட்டிப்படி ஒன்பது மாதமும் ஒரு வாரமும். இரண்டும் ஒன்றே. மாதக் கணக்கில் இத்தகைய மயக்கம் நேர்வதால், வாரக் கணக்கே சிறந்தது.

உதாரணமாக, ஏப்ரல் 10ஆம் தேதி கடைசி மாதவிடாய் தொடங்கியது என்று கொள்வோம். ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 10. மேலும் ஏழு நாள் கூட்டினால் ஜனவரி 17. இதுவே உத்தேசப் பிரசவத் தேதி. ஆகஸ்டு 15 அன்று எத்தனை வாரம்? இடையில் கழிந்தவை 127 நாட்கள். அவற்றை ஏழால் வகுத்தால் 18 வாரமும் ஒரு நாளும்.

இவ்விதி 28 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் ஆகும் பெண்களுக்கே நன்கு பொருந்தும். ஒழுங்கற்று வருவோரும், பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் திரும்புமுன்பே கருவுற்றோரும், 14 வாரத்திற்குள் ஸ்கேன் செய்துகொள்ளல் வேண்டும். அப்பொழுது கிடைக்கும் தேதியில் சில நாட்களே பிசகும். கடைசி மாதங்களில் முதன்முறையாக எடுக்கும் ஸ்கேனிலோ இரண்டு, மூன்று வாரங்கள்கூடப் பிசக இடமுண்டு. ஆகவே, தொடக்கத்தில் உறுதிசெய்த தேதியைப் பிந்திய ஸ்கேனைக் கொண்டு மாற்றுதல் தகாது.

இக்கணக்கினால் விளையும் பயன் யாது? 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். 34 வாரத்திற்கு முன்னரே வலி கண்டால், சிசுவின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போடுகின்றனர். வாரம் தெரியாவிடில் மருத்துவர் இதனை எவ்வாறு தீர்மானிப்பார்? 41 வாரம் கடந்தும் வலி வராவிடில் காத்திருத்தலும் ஆபத்தே.

ஆகவே, தறியில் அமர்பவராயினும் வயலில் இறங்குபவராயினும், பெண்கள் மாதந்தோறும் அந்த முதல் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்தல் நன்று. நாள் தள்ளியதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அத்தேதியைத் தெரிவித்து, 12 வாரத்திற்குள் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். கணவன்மாரும் அத்தேதியை நினைவில் வைத்திருப்பார்களாக.